விடுப்பில் இருப்பவர்

ஜூலை 1, திங்கள்

கப்பல் ஏஜென்சியில் இன்றுமுதல் நான் நிரந்தர ஊழியர். ஆறு மாத ஒப்பந்தம் நேற்றோடு முடிந்தது. மேனேஜர் கை குலுக்கினார். கை ஈரமாக இருந்தது. கழுவினால் துடைக்கவும் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும்.

பணியாளர் பிரிவு மாரிச்செல்வி ஒரு படிவத்தோடு வந்தாள். முப்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். அதைத் தவிர அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“மேடம், முன்னாடி வேலை பாத்த எடத்துல உங்களுக்கு பி.எஃப். இருக்குல்லா? அத இங்க மாத்திரவா, இல்ல அங்கயே கெடக்கட்டுமா?”

தல்மெய்தா பேக்கரியில் பத்து வருடம் அலுவலகத்தை நடத்தியிருக்கிறேன். கணவர் மச்சாது தவறிய மறு வருடம், ஐம்பத்து நான்காவது வயதில் சேர்ந்தது. வெளியே வரும்போது அங்கிருந்து ஒரு குண்டூசிகூட எடுத்து வரவில்லை. ஆனால் வருங்கால வைப்பு நிதி குண்டூசி அல்ல.

“மாத்திரு” என்றேன்.

“ரெண்டு நிமிச வேலை மேடம்.”

மாலையில் சீலா மீன் வாங்கினேன். ஒரு ஆளுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். நிரந்தர ஊழியர் அல்லவா.

ஜூலை 2, செவ்வாய்

ரெண்டு நிமிடம் முடியவில்லை. மாரிச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“மேடம், ஒரு சின்ன சிக்கல். நீங்க இன்னும் அங்கதான் வேலை பாக்கீங்க.”

“யாரு?”

“நீங்கதான். பேக்கரில. வேலைய விட்ட தேதின்னு ஒரு கட்டம் இருக்கு, அது காலி. சரி, மொதலாளி மறந்துருப்பாருன்னு பாத்தா, மாசாமாசம் உங்க பேருல பணம் கட்டிருக்காங்க. போன மாசங்கூட.”

“நான் அந்தத் தெருப்பக்கம் போயே பத்து மாசமாச்சு.”

“போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே?”

“முற்றுப்புள்ளி இல்லாம வர்ற மெசேஜை நான் படிக்கிறதில்ல.”

ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பதாக ஏட்டில் இருக்கக் கூடாதாம். விட்ட தேதியைப் பேக்கரி பதிவு செய்தால்தான் கணக்கு இங்கே வரும். இந்த மாதக் கடைசிக்குள் தீரவில்லை என்றால் என் நிரந்தர உத்தரவை மேலிடம் நிறுத்தி வைத்துவிடும்.

“அதுக்கென்ன மேடம், ராஜினாமா லெட்டர் காப்பி இருக்கும்லா? அத வச்சு முடிச்சிரலாம்.”

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

ஜூலை 3, புதன்

கத்தரிக்காய் முற்றல். ராஜினாமாக் கடிதம் எதையும் நான் எழுதவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுவது நல்லது. எங்கள் கான்வென்டில் சிஸ்டர் இம்மாகுலேட் அப்படித்தான் பழக்கினார்: முதலில் தேதி, பிறகு நிகழ்ச்சி, கடைசியில் வேண்டுமானால் உணர்ச்சி. அங்கே தமிழில் பேசினால் நாலணா அபராதம். அதனால்தான் நாட்குறிப்பை மட்டும் தமிழில் எழுதுகிறேன். இதற்கு யாரும் மார்க் போட முடியாது.

தேதி: போன வருடம் செப்டம்பர் 8.

நிகழ்ச்சி: காலை பத்தரை மணிக்குக் கணக்கறையிலிருந்து கடைப் பக்கம் வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு கேக். மூன்று கிலோ இருக்கும். அதன் நடுவில், ரோஸ் நிற கிரீமில், 64. முதலாளி லியோன் தல்மெய்தா கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறார். இருபத்து மூன்று வேலையாட்களும் வரிசையாக நின்று பாடுகிறார்கள். ரொட்டி வாங்க வந்தவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள். மீன்வளத்துறை அதிகாரியின் மனைவி, “அப்பிடியா! பாத்தா தெரியவே இல்லையே!” என்கிறாள்.

என் பிறந்த தேதியை அந்தக் கட்டிடத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. அது ஒரே ஒரு காகிதத்தில்தான் இருந்தது: என் பி.எஃப். படிவத்தில். பூட்டிய அலமாரியில். அதற்கு இரண்டே சாவிகள். ஒன்று என்னிடம், மற்றொன்று அவரிடம்.

நான் என் சாவியைக் கேக்கின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். குடையை எடுக்க மறந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை.

உணர்ச்சி: எழுதுவதற்கில்லை. ஊழியரின் இரகசியக் கோப்பு திறக்கப்பட்டது. அவ்வளவுதான். கேக்கை அவர் விடியற்காலையில் தம் கையாலேயே செய்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது.

ஜூலை 7, ஞாயிறு

முதல் பூசை. எனக்கு மூன்று வரிசை முன்னால் மிஸ்டர் தல்மெய்தா. சட்டையின் இடது கைப் பொத்தான் இல்லை. மனைவி இறந்து ஒன்பது வருடமாகியும் மனிதர் ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொள்ளவில்லை. நான் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை.

ஜூலை 8, திங்கள்

தல்மெய்தா பேக்கரி உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பினேன். மூன்று பத்திகள். நான் பணியிலிருந்து விலகிய தேதி செப்டம்பர் 8 என உடனடியாகப் பதிவு செய்யுமாறு கேட்டிருந்தேன். “தங்கள் உண்மையுள்ள” என்று முடிக்காமல் வெறுமனே “இப்படிக்கு” என்று முடித்தேன். படித்தால் புரியும்.

ஜூலை 11, வியாழன்

பதில் வந்துவிட்டது. பேக்கரியின் அடுப்பு மேஸ்திரி இசக்கி சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் கூப்பிடுவதற்குள் போய்விட்டார்.

கடிதத்தில் தேதி இல்லை. பொருள் இல்லை. இடப்பக்கம் ஓரம் விடவில்லை. கையெழுத்து மலை ஏறுகிறது. உள்ளே இருந்தது இது:

“மேடம் அவர்களுக்கு. நமது பேக்கரியின் பணி விதி 14இன்படி, எழுத்தில் ராஜினாமா தராத ஊழியர் விடுப்பில் இருப்பவராகவே கருதப்படுவார். ராஜினாமாவில் காரணம் தெளிவாக எழுதப்பட வேண்டும். ‘சொந்தக் காரணம்’ என்பது காரணமாக ஏற்கப்படாது. தாங்கள் இதுவரை அப்படி எதுவும் தராததால் தாங்கள் விடுப்பில் இருக்கிறீர்கள். லி. தல்மெய்தா.”

விதி 14. எனக்கு அது மனப்பாடம். எழுதியதே நான்தான்.

நான் சேர்ந்த காலத்தில் அடுப்பு வேலை செய்பவர்கள் கோவில் கொடை, கல்யாணம் என்று சொல்லாமல் போவார்கள். பத்து நாள் கழித்து வந்து நின்றால் பெயரை அடித்திருப்பார்கள். புதிதாகச் சேர்த்துப் புதிதாக பி.எஃப். தொடங்குவார்கள். பத்து வருடம் மாவு பிசைந்தவன் ஏட்டில் ஏழு மாத ஆளாக இருப்பான். அதைத் தடுக்கத்தான் அந்த விதி. என்னைப் பிடித்துக் கட்டுவதற்கு அல்ல.

ஜூலை 12, வெள்ளி

அவர் கடிதத்தில் இருந்த குறைகளைச் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பினேன். வேறெதுவும் எழுதவில்லை.

ஜூலை 15, திங்கள்

அதே கடிதம் மறுபடியும் வந்தது. தேதி இருக்கிறது. பொருள் இருக்கிறது. ஓரம் விரற்கடை அளவு சரியாக விட்டிருக்கிறார். கையெழுத்து மட்டும் இன்னும் மலை ஏறுகிறது. அடியில் ஒரு வரி கூடுதல்: “திருத்தத்துக்கு நன்றி. பத்து மாதமாகப் பிழை பார்க்க ஆளில்லை.”

கூடவே அரைக் கிலோ மக்ரூன்.

தின்பதற்காக இல்லை, தரம் பார்ப்பதற்காக ஒன்றை எடுத்தேன். முந்திரிப் பருப்பு கொரகொரவென்று இருக்கிறது. சூடு ஆறும் முன்பே டப்பாவில் அடைத்திருக்கிறார்கள், அடி இளகியிருக்கிறது. சந்தேகம் தீர இன்னும் நான்கு தின்று பார்க்க வேண்டியிருந்தது. மீதியை மாரிச்செல்விக்குக் கொடுத்தேன்.

“இவ்வளவு அனுப்புற மொதலாளியவா மேடம் விட்டுட்டு வந்தீங்க?” என்றாள், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

“வாயில் வச்சுக்கிட்டுப் பேசாதே.”

“முழுங்கிட்டேன். இப்ப சொல்லுங்க.”

நான் கோப்பைத் திறந்தேன்.

ஜூலை 18, வியாழன்

ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தேதி, பெறுநர், பொருள் எல்லாம் ஐந்து நிமிடத்தில் ஆயிற்று. இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்.

காரணம்.

உடல்நலம் என்று எழுதினேன். பொய். என் இரத்த அழுத்தத்தைப் பார்த்து டாக்டரே பொறாமைப்படுகிறார். கிழித்தேன்.

வேறு நல்ல வேலை கிடைத்தது என்று எழுதினேன். கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தது ஜனவரியில். செப்டம்பரிலிருந்து நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து வெள்ளிச் சாமான்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிழித்தேன்.

இரகசியக் கோப்பு திறக்கப்பட்டது என்று எழுதினேன். இது உண்மை. ஆனால் படித்துப் பார்த்தபோது, அதற்காக யாராவது பத்து வருட வேலையை விடுவார்களா என்று எனக்கே தோன்றியது. கிழிக்கவில்லை, மடித்து வைத்தேன். பிறகு கிழித்தேன்.

ஜூலை 19, வெள்ளி

“சும்மா ‘சொந்தக் காரணம்’னு போடுங்க மேடம். எல்லாரும் அதத்தான் போடுவாங்க” என்றாள் மாரிச்செல்வி.

“அது காரணம் இல்ல. முகத்துக்கு நேரா கதவைச் சாத்துறது.”

“கதவச் சாத்ததான மேடம் லெட்டரே எழுதுறோம்?”

இந்தப் பெண் சில நேரம் அளவுக்கு மீறிப் பேசுகிறாள். மதியச் சாப்பாட்டில் பாதி இறங்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

பழைய கணக்கை அங்கேயே விட்டுவிட்டால் என்ன என்று மாரிச்செல்வியிடம் கேட்டேன். முடியாதாம். அங்கே பணம் கட்டுவதை நிறுத்தினால்தான் அது பழைய கணக்கு. இப்போதைக்கு இரண்டுமே புதுக் கணக்காம்.

வீட்டில் மச்சாதுவின் படத்தைத் துடைத்தேன். துறைமுகத்தில் இழுவைப்படகு எஞ்சினியராக இருந்தவர். எவ்வளவு பெரிய கப்பலையும் திருப்பிவிடலாம், என் மனைவி எர்மலின் ஒரு பக்கம் பார்த்து நின்றுவிட்டால் திருப்ப முடியாது என்று நண்பர்களிடம் சொல்லுவார். படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிக்கட்டும்.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோவில் கொடியேற்றம். கூட்டத்தில் இசக்கி மேஸ்திரி என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மாதாவுக்கும் வருவார், சுடலைமாடன் கோவிலுக்கும் போவார்.

“மேடம், சொகமா இருக்கீயளா? மக்ரூன் எப்பிடி இருந்துச்சி?”

“டப்பாவை அவசரப்பட்டு மூடியிருக்கீங்க.”

“பாத்தீயளா! நான் அப்பமே சொன்னேன், மேடம் கண்டுபிடிச்சிருவாவன்னு. மொதலாளிதான் சீக்கிரம் கொண்டு போ, சீக்கிரம் கொண்டு போன்னு ஒரே அனத்தலு.” குரலைத் தாழ்த்தினார். “திருவிழா ஆர்டரு பூரா கொழம்பிக் கெடக்கு மேடம். ஒரே கேக்க ரெண்டு பேருக்கு எழுதி வச்சிருக்காவ. நீங்க ஒரு எட்டு வந்து பாத்தா என்ன?”

“அங்க வேற ஆள் போடலியா?”

“ஆளா? உங்க மேசைல அன்னைக்கி புது வண்டிக்காரன் டீ கிளாச வச்சிட்டான். மொதலாளி போட்ட சத்தத்துல அடுப்பே அணைஞ்சிருக்கும். உங்க கொடையக்கூட வாரத்துக்கு ஒருக்க விரிச்சு வெயில்ல வைக்காவ, பூஞ்சை புடிச்சிரக் கூடாதுன்னு.”

கொடி ஏறியது, புறாக்களைப் பறக்கவிட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் புறா இறகோ தூசியோ விழுந்துவிட்டது.

ஜூலை 28, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து நேரே பேக்கரிக்குப் போனேன். கடிதத்தில் தீராததை நேரில் தீர்ப்பது என்று முடிவு. நல்ல புடவை கட்டியிருந்தது ஞாயிற்றுக்கிழமை என்பதால்.

மிஸ்டர் தல்மெய்தா கல்லாவுக்குப் பின்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியில் மாவு. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பன்னைக் கீழே வைத்துவிட்டு, பிறகு ஏனோ மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

“விடுப்புப் பதிவேட்டைப் பாக்கணும்” என்றேன்.

“பாருங்க.”

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கேக்கின் பக்கத்தில் நான் வைத்த அதே சாவி. வளையத்தில் இன்னும் ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது.

என் மேசை தூசியில்லாமல் இருந்தது. இழுப்பறையில் என் பெயர் எழுதிய பத்து சம்பள உறைகள், ஒட்டியபடி. நீண்ட விடுப்புக்கு அரைச் சம்பளம். அதுவும் என் விதிதான்.

“இதை நான் தொட மாட்டேன். அரைச் சம்பள விடுப்பு இவ்வளவு நாளுக்கெல்லாம் கிடையாது.”

“எத்தன நாளுக்குன்னு நீங்க எங்கயும் எழுதல மேடம். நான் மூணு தடவ தேடிப் பாத்தேன்.”

விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எழுதவில்லை. பத்து வருடமாக அது என் கண்ணில் படவே இல்லை. இதை இங்கே ஒப்புக்கொள்கிறேன், அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு பதிவேட்டைத் திறந்தேன். செப்டம்பர் 9இல் தொடங்குகிறது. நாள்தோறும் ஒரு வரி, மலை ஏறும் அதே கையெழுத்தில். பெயர்: எர்மலின் மச்சாது. நிலை: விடுப்பு. காரணம்: முதலாளியின் தவறு.

பக்கத்தைத் திருப்பினேன். முதலாளியின் தவறு. முதலாளியின் தவறு. கிறிஸ்துமஸ் அன்று, முதலாளியின் தவறு. புனித வெள்ளியன்று கடை மூடியிருக்கும். அன்றும், முதலாளியின் தவறு. நேற்று வரைக்கும்.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

“ஞாயிற்றுக்கிழமையும் எழுதியிருக்கீங்க. ஞாயிறு ஆபீசுக்கு வார விடுமுறை. அன்னைக்கு விடுப்பு எழுதக் கூடாது.”

“ஞாயித்துக்கெழமையும் நீங்க வரலியே” என்றார்.

அலமாரியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். என் குடை அங்கே ஆணியில் தொங்கியது.

“என் ஃபைலை ஏன் தொறந்தீங்க?”

“உங்க பொறந்த நாளு என்னைக்கின்னு பாக்கத்தான். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். தேதிய மட்டும் பாத்துட்டு மூடிருக்கணும், வருசத்தையும் பாத்தேன், அது தப்பு. அத கிரீம்ல எழுதுனது அதவிடத் தப்பு.”

“பன் வாங்க வந்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு.”

“பாதிப் பேரு நம்பல. அச்சு தப்பா விழுந்துட்டுன்னு நெனச்சிட்டாங்க. மீன்வளத்துறை அம்மா எங்கிட்ட வந்து, நாப்பத்தாறத்தான் திருப்பி எழுதிட்டீங்களோன்னு கேட்டாங்க.”

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பத்து மாதக் கோபத்தை அப்படி ஒரு நொடியில் விட்டுவிட முடியாது. ஆனால் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்துவிட்டது. உள்ளே அடுப்புப் பக்கம் ஏற்கெனவே வேலை நின்று, கதவிடுக்கில் நான்கு தலைகள் தெரிந்தன. இசக்கி மேஸ்திரியின் தலை எல்லாவற்றுக்கும் மேலே.

“ராஜினாமா தரதுன்னா தாங்க மேடம், தேதிய போட்டு உடனே பதிஞ்சிருதேன்” என்றார் மிஸ்டர் தல்மெய்தா. “ஆனா காரணம் சரியா எழுதணும். விதி.”

“புதன்கிழமைக்குள்ள முடிவு சொல்றேன்” என்றேன்.

புறப்படும்போது ஆர்டர் புத்தகம் திறந்து கிடந்தது. நின்றபடியே இரண்டு திருத்தங்கள் மட்டும் செய்தேன். பிறகு உட்கார்ந்து பதினாறு.

குடையை எடுக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

ஏஜென்சி அறையில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்கிறது. சம்பளம் பேக்கரியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். நாற்காலி சுழலும். எல்லாவற்றையும் ஒரு தாளில் இடப்பக்கம் எழுதினேன். வலப்பக்கம் எழுத ஆரம்பித்து, ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு வரியை இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை.

ஜூலை 30, செவ்வாய்

இட்லி பஞ்சு மாதிரி வந்தது.

ஜூலை 31, புதன்

காலை ஒன்பது மணிக்கே மாரிச்செல்வியின் மேசையில் கடிதத்தை வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் எழுதியது. ஒரு அடித்தல்கூட இல்லை.

“அப்பாடா! பேக்கரி ராஜினாமாவா மேடம்? இப்பமே ஏத்திருதேன்.” படிக்க ஆரம்பித்தாள். பேனாவைக் கொண்டையிலிருந்து உருவினாள். மறுபடியும் செருகினாள். “மேடம், இதுல நம்ம கம்பெனி பேருல்லா போட்டிருக்கு.”

“ஆமா.”

“நிரந்தரமாகி ஒரு மாசங்கூட ஆகல!”

“இன்னையோட ஒரு மாசம்.”

“அப்ப பழைய பி.எஃப். இங்க வரலியா?”

“இல்ல. இங்க இருக்கிற ஒரு மாசத்தை அங்க மாத்தணும். ரெண்டு நிமிஷ வேலைன்னு சொன்னியே.”

“அங்க சம்பளம் கம்மி மேடம்.”

“தெரியும். அதை நிர்ணயம் செஞ்சதே நான்தான்.”

கடைசி வரிக்கு வந்தாள். அதை வாய்விட்டே படித்தாள், பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி.

“காரணம்: என் விடுப்பு முடிந்துவிட்டது.”

பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அலுவலக நேரத்தில் இது முறையல்ல. கொண்டைப் பேனா கன்னத்தில் குத்தியது.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா திருவிழா. காலை ஆறு மணிக்கு வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பது தவறு, திரும்பினேன். எழுபத்தொரு கேக், நாற்பது கிலோ மக்ரூன், ஒன்றும் தவறவில்லை. டப்பா மூடுவதற்கு முன் சூடு ஆறியதா என்று ஒவ்வொரு தட்டிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். “போலீசு வந்துட்டாவ” என்றார் இசக்கி மேஸ்திரி. அவருக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

சம்பள உறைகள் பத்தும் பிரிக்காமலே பேக்கரிக் கணக்குக்குப் போயின. வைப்பு நிதியில் கட்டியதை மட்டும் எப்படிச் சரிக்கட்டுவது என்று வைப்பு நிதி அலுவலகத்துக்கு நானே கடிதம் எழுதியிருக்கிறேன். விதி 14இல் “அதிகபட்சம் முப்பது நாள்” என்று சேர்த்துவிட்டேன். இனிமேல் யாரும் பத்து மாதம் போக முடியாது. மிஸ்டர் தல்மெய்தா படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொன்னேன். படித்துவிட்டு மறுபடியும் போட்டார். இடது கைப் பொத்தானை மதியம் தைத்துக் கொடுத்தேன். கடையில் நிற்பவர் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. ஆர்டர் புத்தகத்தை மூடப் போகும்போது அவர் வந்து தொண்டையைச் செருமினார்.

“மேடம், அடுத்த மாசத்துக்கு ஒரு ஆர்டரு.”

“தேதி?”

“செப்டம்பர் எட்டு.”

பேனாவைத் திறந்தேன். “எத்தனை கிலோ?”

“நீங்க சொல்றதுதான்.”

“ஒரு கிலோ போதும். எண் எதுவும் இருக்கக் கூடாது.”

“சரி. எழுத்து?”

“பெயர் மட்டும்.”

“முழுப் பேரா?”

எழுதிவிட்டுத்தான் பதில் சொன்னேன். “எர்மலின். அது போதும்.”

ஒரு கிலோ கேக்கில் முழுப் பெயருக்கு இடம் போதாது. காரணம் அதுதான்.